எல்லாப்பிரகட சுப்பாராவ்

எல்லாப்பிரகட சுப்பாராவ் (ஜனவரி 12, 1895 – ஆகஸ்ட் 1948) இந்தியாவில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய உயிர்வேதியியலாளர் ஆவார். சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற இவர், உயிரணுக்களின் ஆற்றல் நாணயம் எனப்படும் அடினோசின் டிரைபாஸ்பேட் என்னும் சேர்மத்தைக் கண்டறிந்தவர்களுள் ஒருவர். சுருக்கமாக ஏடிபி என வழங்கப்படும் இச்சேர்மமே தசைகளின் சுருக்கத்திற்கும், உயிரணுச் சவ்வின் வழியே அயனிகள் இடம்பெயர்வதற்கும் அடிப்படையானது. நுரையீரல் இரத்தக் குழாய்கள் ஏன் சுருங்குகின்றன, நுரையீரலில் இரத்த அழுத்தம் ஏன் உயர்கிறது என்பன போன்ற வினாக்களுக்கு விடை தேடும் இன்றைய ஆய்வுகளும் இச்சேர்மத்தைப் பற்றிய அறிவின்மேல் எழுந்தவையே. இரத்தப் புற்றுநோய், யானைக்கால் நோய், இரத்தசோகை ஆகியவற்றுக்கான மருந்துகளின் ஆக்கத்திலும் இவர் பெரும் பங்காற்றினார்.

பிறப்பும் இளமையும்

சுப்பாராவ் அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமவரத்தில் பிறந்தார். இவ்வூர் இன்று ஆந்திரப் பிரதேசத்தில் உள்ளது. தந்தை ஜகன்னாதம் அரசின் வருவாய்த் துறையில் பணியாற்றியவர். தாய் வெங்கம்மா. ஏழு பிள்ளைகளுள் சுப்பாராவ் நான்காமவர். குடும்பம் வறுமையில் இருந்தது. பதின்மூன்று வயதில் இவர் பொருளீட்டும் எண்ணத்துடன் வீட்டைவிட்டு வெளியேறிக் காசிக்குச் செல்ல முயன்றார். அங்கு வரும் யாத்திரிகர்களுக்கு வாழைப்பழம் விற்பது இவரது திட்டம். தாய் இவரை மீட்டு வந்து மீண்டும் பள்ளியில் சேர்த்தார்.

இராஜமுந்திரியில் தொடங்கிய பள்ளிக் கல்வி எளிதாக அமையவில்லை. தந்தையின் நோயும் மறைவும் படிப்பைக் குலைத்தன. மெட்ரிகுலேஷன் தேர்வில் மூன்றாம் முயற்சியில், சென்னை திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலிருந்து தேர்ச்சி பெற்றார்.

சென்னையில் கல்வி

பள்ளிப் படிப்புக்குப் பின் சென்னை மாநிலக் கல்லூரியில் இன்டர்மீடியட் வகுப்பில் பயின்றார். கணிதத்தில் சிறந்து விளங்கினார். இக்காலத்தில் இராமகிருஷ்ண மடத்தின்பால் ஈர்க்கப்பட்டுத் துறவியாக விரும்பினார். தாய் இதற்கு இசையவில்லை. மக்களுக்குத் தொண்டாற்ற மருத்துவமும் ஒரு வழி என மடத்துத் துறவியர் அறிவுறுத்தியதால் 1915 இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். 1919 இல் சேஷகிரி என்பவரை மணந்தார். மாமனார் கஸ்தூரி சூரியநாராயண மூர்த்தி இவரது படிப்புக்குப் பொருளுதவி செய்தார்.

காந்தியடிகளின் அழைப்பை ஏற்றுச் சுப்பாராவ் கல்லூரியிலும் கதராடை அணிந்தார். அறுவை மருத்துவப் பேராசிரியராக இருந்த பிராட்பீல்டு என்னும் ஆங்கிலேயருக்கு இது பிடிக்கவில்லை. தேர்வில் மற்றப் பாடங்களை நன்கு எழுதியும், முழுமையான எம்.பி.பி.எஸ் பட்டம் இவருக்குக் கிடைக்கவில்லை. அதற்கு அடுத்த நிலையான எல்.எம்.எஸ் சான்றிதழே வழங்கப்பட்டது. இதனால் சென்னை மாகாண மருத்துவப் பணியில் இடம் பெறுவதும் இயலாமற் போயிற்று.

பின்னர் இவர் மருத்துவர் ஆசண்ட லட்சுமிபதி நடத்திய சென்னை ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூற்றியல் ஆசிரியராகப் பணியேற்றார். ஆயுர்வேத மருந்துகளை நவீன வேதியியல் முறையில் ஆராய வேண்டும் என்னும் எண்ணம் இங்கேயே வலுப்பெற்றது. இதே காலப்பகுதியில் இவரது உடன்பிறந்தவர் இருவர் வெப்பமண்டல ஸ்ப்ரூ என்னும் குடல் நோயால் சில நாட்கள் இடைவெளியில் அடுத்தடுத்து மாண்டனர். உணவின் சத்துகளைக் குடல் உட்கொள்ள இயலாமல், கடும் வயிற்றுப்போக்கும் இரத்தசோகையும் உண்டாவது இந்நோயின் இயல்பு. இதற்கு அன்று பயனுள்ள மருந்து இருக்கவில்லை. இந்த இழப்பு இவரது பிற்கால ஆய்வின் போக்கைத் தீர்மானித்த நிகழ்வுகளுள் ஒன்று எனலாம்.

அமெரிக்கப் பயணம்

மாமனாரின் உதவியுடனும் காக்கிநாடா அறக்கட்டளை ஒன்றின் நிதியுடனும் 1922 அக்டோபரில் இவர் பாஸ்டன் நகரை அடைந்தார். மனைவி இந்தியாவிலேயே தங்கினார். இவர் சென்றபின் பிறந்த மகன் குழந்தைப் பருவத்திலேயே இறந்தான். சில ஆண்டுகளில் திரும்பும் நோக்குடன் புறப்பட்ட சுப்பாராவ் மீண்டும் தாயகம் திரும்பவில்லை. கணவனும் மனைவியும் அதன்பின் சந்திக்கவே இல்லை.

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் வெப்பமண்டல மருத்துவத்தில் பட்டயம் பெற்றார். இந்திய மருத்துவச் சான்றிதழ் அமெரிக்காவில் மருத்துவத் தொழிலுக்குப் போதாததால், மருத்துவமனையில் சிறு பணிகள் செய்து வாழ்க்கைச் செலவை ஈடுகட்டினார். பின்னர் ஹார்வர்டு மருத்துவப் பள்ளியின் உயிர்வேதியியல் துறையில் சைரஸ் பிஸ்கே என்பவரின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார்.

பாஸ்பரசை அளக்கும் முறை

இரத்தத்திலும் சிறுநீரிலும் திசுக்களிலும் உள்ள பாஸ்பரசின் அளவை அறிவது அக்காலத்தில் கடினமாக இருந்தது. 1925 இல் பிஸ்கேயும் சுப்பாராவும் இதற்கு எளிய நிறமானி முறையொன்றை வெளியிட்டனர். பாஸ்பேட் மாலிப்டேட்டுடன் சேர்ந்து உண்டாக்கும் சேர்மத்தை ஒடுக்கும்போது நீல நிறம் தோன்றுகிறது. நிறத்தின் செறிவைக் கொண்டு பாஸ்பேட்டின் அளவு கணிக்கப்படுகிறது. பிஸ்கே-சுப்பாராவ் முறை எனப்படும் இது, உயிர்வேதியியல் மாணவர்கள் பல தலைமுறைகளாகப் பயின்றுவரும் ஒன்றாகும். நொதியொன்று ஏடிபியைச் சிதைக்கும்போது பாஸ்பேட் விடுபடுகிறது. எனவே அத்தகைய நொதிகளின் வேகத்தை அளக்கவும் இம்முறையும் இதன் திருத்திய வடிவங்களும் பயன்பட்டன.

பாஸ்போகிரியாட்டினும் ஏடிபியும்

தசை சுருங்குவதற்கான ஆற்றல் லாக்டிக் அமிலம் உருவாவதிலிருந்து நேரடியாகக் கிடைக்கிறது என்பது 1920களில் ஏற்கப்பட்ட கருத்தாக இருந்தது. தசை ஆய்வுக்காக ஏ. வி. ஹில், ஓட்டோ மேயர்ஹோப் ஆகியோருக்கு 1922 ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசும் வழங்கப்பட்டிருந்தது. 1927 இல் பிஸ்கேயும் சுப்பாராவும் தசையில் பாஸ்போகிரியாட்டின் என்னும் சேர்மம் உள்ளதை அறிவித்தனர். தசை உழைக்கும்போது இச்சேர்மம் குறைவதையும், ஓய்வெடுக்கும்போது மீண்டும் பெருகுவதையும் காட்டினர். அதே ஆண்டில் இங்கிலாந்தில் எக்கிள்டன் இணையரும் இதையொத்த சேர்மத்தைத் தனியே கண்டிருந்தனர். லாக்டிக் அமிலக் கொள்கை தளர்வதற்கு இக்கண்டுபிடிப்பு வழிவகுத்தது.

1929 இல் ஜெர்மனியில் கார்ல் லோமனும், ஹார்வர்டில் பிஸ்கேயும் சுப்பாராவும் ஒருவரையொருவர் சாராமல் தசையிலிருந்து ஏடிபியைப் பிரித்தறிந்தனர். அடினின், ரைபோஸ் சர்க்கரை, மூன்று பாஸ்பேட் தொகுதிகள் ஆகியவற்றால் ஆனது இம்மூலக்கூறு. இதன் பாஸ்பேட் பிணைப்பு முறியும்போது உயிரணுவுக்குத் தேவையான ஆற்றல் கிடைக்கிறது என்பதை 1941 இல் பிரிட்ஸ் லிப்மன் விளக்கினார். 1930 இல் சுப்பாராவ் முனைவர் பட்டம் பெற்றார்.

இத்தனை சாதனைகளுக்குப் பின்னும் ஹார்வர்டில் இவருக்கு நிலையான பதவி அளிக்கப்படவில்லை. கண்டுபிடிப்புகளின் பெருமை பெரும்பாலும் மூத்தவரான பிஸ்கேயின் பெயரோடு சேர்ந்தது. அதே ஆய்வுக்கூடத்தில் பயின்றவரும் 1988 இல் நோபல் பரிசு பெற்றவருமான ஜார்ஜ் ஹிட்சிங்ஸ், சுப்பாராவ் பிரித்தெடுத்த சில நியூக்ளியோடைடுகள் அன்று வெளியிடப்படாமற் போனதால், பின்னாளில் வேறு அறிவியலாளர்கள் அவற்றை மீண்டும் கண்டறிய நேர்ந்தது என்று பதிவு செய்துள்ளார்.

லெடர்லி ஆய்வுக்கூடத்தில்

1940 இல் சுப்பாராவ் நியூயார்க் மாநிலத்தின் பேர்ல் ரிவர் என்னும் ஊரிலிருந்த லெடர்லி ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். விரைவில் அதன் ஆய்வுத் துறை இயக்குநரானார். இங்கு இவர் தலைமையில் நடந்த முதன்மையான பணிகள்:

போலிக் அமிலம்: கல்லீரலில் உள்ள இரத்தவிருத்திப் பொருள்களைத் தேடும் பணியின் பயனாக, இவரது குழுவினர் 1945 இல் போலிக் அமிலத்தைச் செயற்கையாக உருவாக்கினர். ஸ்ப்ரூ நோயாளிகளுக்கு இது பயன் தருவதை அமெரிக்க மருத்துவர் டாம் ஸ்பைஸ் விரைவிலேயே காட்டினார். தன் உடன்பிறந்தவர்களைக் கொண்டுசென்ற நோய்க்கு மருந்து, ஏறத்தாழ கால் நூற்றாண்டுக்குப் பின் சுப்பாராவின் ஆய்வுக்கூடத்திலிருந்தே வந்தது.

புற்றுநோய் மருந்துகள்: போலிக் அமிலத்தின் செயலைத் தடுக்கும் அமினாப்டெரின் என்னும் பொருளை இக்குழு உருவாக்கியது. சிட்னி பார்பர் இதனைக் கடும் இரத்தப் புற்றுநோய் கொண்ட குழந்தைகளுக்கு அளித்து, நோய் தற்காலிகமாகத் தணிவதை 1948 இல் வெளியிட்டார். வேதிமருத்துவத்தின் தொடக்கங்களுள் ஒன்றாக இது கருதப்படுகிறது. இதே வகையைச் சேர்ந்த மெத்தோட்ரெக்சேட் இன்று புற்றுநோய்க்கும் முடக்குவாதத்திற்கும் பயன்படுகிறது.

யானைக்கால் நோய் மருந்து: டைஎத்தில்கார்பமசின் என்னும் மருந்து 1947 இல் ஹெட்ராசன் என்ற பெயரில் அறிமுகமானது. தமிழகம் உள்ளிட்ட பகுதிகளில் யானைக்கால் நோய் ஒழிப்புத் திட்டங்களில் வழங்கப்படுவது இம்மருந்தே. பைலேரியா புழுக்களின்மீது உடல் காட்டும் மிகை எதிர்வினையால் நுரையீரல் பாதிக்கப்படும் வெப்பமண்டல நுரையீரல் ஈசினோபிலியா நோய்க்கும் இதுவே முதன்மை மருந்தாகும். தென்னிந்தியாவில் பலகாலமாக அறியப்பட்ட இந்நோய், மருந்தின்றி நீடித்தால் நுரையீரலை நிலையாகத் தழும்பேறச் செய்யக்கூடியது.

ஆரியோமைசின்: டெட்ராசைக்ளின் வகை நுண்ணுயிர்க்கொல்லிகளுள் முதலாவதான இது, பெஞ்சமின் டகர் என்பவரால் கண்டறியப்பட்டு 1948 இல் அறிவிக்கப்பட்டது. இவ்வாய்வு சுப்பாராவின் இயக்கத்தின்கீழ் நடைபெற்றது.

மறைவு

அமெரிக்காவின் அன்றைய சட்டங்கள் இந்தியர்களுக்குக் குடியுரிமை வழங்கவில்லை. 1946 இல் இத்தடை நீக்கப்பட்டது. ஆயினும் சுப்பாராவ் அமெரிக்கக் குடியுரிமை பெறாமலேயே, 1948 ஆகஸ்ட் மாதத்தில் உறக்கத்தில் மாரடைப்பால் காலமானார். அப்போது இவருக்கு வயது 53. அமினாப்டெரின் பற்றிய பார்பரின் கட்டுரை வெளிவந்து ஏறத்தாழ இரண்டு மாதங்களே ஆகியிருந்தன.

ஏடிபியும் அயனிக் கால்வாய்களும்

சுப்பாராவின் மறைவுக்குப் பின்னரே ஏடிபிக்கும் உயிரணுச் சவ்வுக்கும் உள்ள தொடர்பு தெளிவாயிற்று. உயிரணுவின் உள்ளே பொட்டாசியமும் வெளியே சோடியமும் மிகுதியாக உள்ளன. இவ்வேறுபாட்டைக் காப்பது ஏடிபியைச் செலவிட்டு இயங்கும் சோடியம்-பொட்டாசியம் ஏற்றி ஆகும். இதனை டென்மார்க்கைச் சேர்ந்த ஜென்ஸ் ஸ்கோ 1957 இல் நண்டின் நரம்பில் கண்டறிந்தார். இதற்காக 1997 இல் அவர் நோபல் பரிசைப் பகிர்ந்து பெற்றார்.

ஏற்றி உண்டாக்கும் வேறுபாட்டைப் பயன்படுத்தி அயனிகள் தாமே பாய்வதற்கான வழிகளே அயனிக் கால்வாய்கள். இவை சவ்வில் பதிந்துள்ள புரதங்கள். தேவைக்கேற்பத் திறந்து மூடும் இயல்புடையவை. ஒற்றைக் கால்வாயின் மின்னோட்டத்தை அளக்கும் முறையை எர்வின் நேயரும் பெர்ட் சக்மானும் 1976 இல் வெளியிட்டனர். இம்முறையைக் கொண்டு ஜப்பானிய அறிவியலாளர் அகினோரி நோமா, ஏடிபியால் கட்டுப்படுத்தப்படும் பொட்டாசியக் கால்வாயை 1983 இல் இதயத் தசையில் கண்டறிந்தார். உயிரணுவில் ஏடிபி மிகுந்திருக்கும்போது இக்கால்வாய் மூடியிருக்கும். ஏடிபி குறையும்போது திறக்கும். எனவே ஏடிபி ஆற்றலை வழங்கும் பொருள் மட்டுமன்று, உயிரணுவின் ஆற்றல் நிலையைச் சவ்வுக்கு அறிவிக்கும் பொருளும் ஆகும்.

நுரையீரல் உயர் இரத்த அழுத்தத்தில் இவற்றின் பங்கு

இதயத்தின் வலப்பக்கத்திலிருந்து நுரையீரலுக்குச் செல்லும் தமனியில் அழுத்தம் இயல்பாகவே குறைவு. ஓய்வில் அதன் சராசரி ஏறத்தாழ 14 மில்லிமீட்டர் பாதரச அளவாகும். இது 20ஐத் தாண்டினால் நுரையீரல் உயர் இரத்த அழுத்தம் எனப்படுகிறது. கையில் பட்டை சுற்றி அளக்கும் பொதுவான இரத்த அழுத்தத்திலிருந்து இது வேறானது. மூச்சிரைப்பு, சோர்வு, மயக்கம், கால் வீக்கம் ஆகியன இதன் அறிகுறிகள். நாளடைவில் இதயத்தின் வலக் கீழறை தளர்ந்து செயலிழக்கிறது.

இத்தமனியின் சுவரிலுள்ள மென்தசை உயிரணுக்களில் பொட்டாசியக் கால்வாய்கள் திறந்திருக்கும்போது பொட்டாசியம் வெளியேறுகிறது. உயிரணுவின் உட்புறம் எதிர்மின்னழுத்தத்தில் நிலைக்கிறது. கால்சியக் கால்வாய்கள் மூடியிருக்கின்றன. குழாய் தளர்ந்து விரிந்திருக்கிறது. பொட்டாசியக் கால்வாய்கள் மூடிக்கொண்டால் மின்னழுத்தம் மாறிக் கால்சியக் கால்வாய்கள் திறக்கின்றன. உள்ளே நுழையும் கால்சியம் தசைப் புரதங்களைத் தூண்டுகிறது. அவை ஏடிபியைச் செலவிட்டுச் சுருங்குகின்றன. குழாய் குறுகி அழுத்தம் உயர்கிறது.

உடலின் பிற பகுதிகளில் ஆக்சிசன் குறைந்தால் தமனிகள் விரிகின்றன. நுரையீரலில் அவை சுருங்குகின்றன. இதனை உல்ப் வான் ஆய்லரும் யோரான் லில்யெஸ்ட்ராண்டும் 1946 இல் பூனைகளில் காட்டினர். காற்று குறைவாகச் செல்லும் பகுதியைத் தவிர்த்து, காற்று நிறைந்த பகுதிக்கு இரத்தத்தைத் திருப்பும் பயனுள்ள ஏற்பாடே இது. நுரையீரல் தமனித் தசையில் சில பொட்டாசியக் கால்வாய்களின் மின்னோட்டத்தை ஆக்சிசன் குறைவு தடுப்பதாக 1992 இல் அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டினர். நுரையீரல் முழுவதும் நெடுங்காலம் ஆக்சிசன் குறைவாக இருப்பின், இதே ஏற்பாடு தீங்காக மாறுகிறது. குழாய்ச் சுவர் தடித்து, சுருக்கம் நிலைபெற்றுவிடுகிறது.

நுரையீரல் தமனி உயர் அழுத்தம் கொண்ட சிலரிடம் கேசிஎன்கே3 என்னும் பொட்டாசியக் கால்வாய் மரபணுவில் பிறழ்வுகள் உள்ளதாக 2013 இல் அறியப்பட்டது. 2018 இல் ஏபிசிசி8 என்னும் மரபணுவிலும் பிறழ்வுகள் கண்டறியப்பட்டன. இது ஏடிபியால் கட்டுப்படும் பொட்டாசியக் கால்வாயின் ஒரு பகுதியை ஆக்கும் மரபணு ஆகும். சுப்பாராவ் 1929 இல் தசையிலிருந்து பிரித்தறிந்த மூலக்கூறு, இவ்வாறு ஒரு நுரையீரல் நோயின் மரபியலிலும் இடம்பெற்றது.

கால்சியக் கால்வாய்த் தடுப்பு மருந்துகள் இந்நோயாளிகளுள் சிறு பகுதியினருக்கே பயன் தருகின்றன. யாருக்குப் பயன் தரும் என்பதை இதய வடிகுழாய்ச் சோதனையின் மூலமே அறிய முடியும். சோதனையின்றிக் கொடுத்தால் தீங்கு நேரலாம். பிறருக்கு சில்டெனாபில், போசென்டான், புரோஸ்டாசைக்ளின் போன்ற மருந்துகள் வழங்கப்படுகின்றன.

வடசென்னையும் நுரையீரல் நோய்களும்

சுப்பாராவ் பயின்ற சென்னை மருத்துவக் கல்லூரிக்கு வடக்கே ஜார்ஜ் டவுன், துறைமுகம், ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் எனக் கடற்கரையை ஒட்டிய உழைப்பாளர் பகுதி நீள்கிறது. ராயபுரம் மருத்துவப் பள்ளியின் வழிவந்த ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி 1938 இல் கல்லூரி நிலை பெற்று இப்பகுதி மக்களுக்கு மருத்துவம் அளித்து வருகிறது. எண்ணூர் அனல்மின் நிலையம் 1970 முதல் 2017 வரை நிலக்கரியால் இயங்கியது. வடசென்னை அனல்மின் நிலையம் 1990களில் தொடங்கப்பட்டது. சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி கையாளுவது, தூசி பற்றிய வழக்கில் உயர்நீதிமன்றம் இட்ட ஆணையின்படி 2011 இல் நிறுத்தப்பட்டு எண்ணூர்த் துறைமுகத்துக்கு மாற்றப்பட்டது.

புகையும் தூசியும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்க்குக் காரணங்களாகும். புகைபிடித்தலும், குணமான பின்னும் தழும்பை விட்டுச்செல்லும் காசநோயும் நுரையீரலை நலிவிக்கின்றன. இவை எல்லாவற்றிலும் இரத்தத்தில் ஆக்சிசன் குறையக்கூடும். அதன் விளைவே மேற்கூறிய கால்வாய் மூடலும் தமனிச் சுருக்கமும். வாதக் காய்ச்சலால் இதயத்தின் ஈரிதழ் வால்வு குறுகுவதும் இந்தியாவில் நுரையீரல் அழுத்தம் உயர ஒரு முக்கிய காரணம் ஆகும். இவற்றுள் பெரும்பாலானவை தடுக்கக்கூடியவை அல்லது தொடக்கத்தில் கண்டறிந்தால் கட்டுப்படுத்தக்கூடியவை. உழைக்கும்போது முன்பில்லாத மூச்சிரைப்பு நீடித்தால் அதனை வயதின் இயல்பு என விட்டுவிடாமல் மருத்துவரிடம் காட்டுவது நன்று.

நினைவு

சுப்பாராவின் நூற்றாண்டையொட்டி 1995 இல் இந்திய அரசு அஞ்சல் தலை வெளியிட்டது. பூஞ்சைப் பேரினம் ஒன்றுக்குச் சுப்பாரோமைசிஸ் என இவரது நினைவாகப் பெயரிடப்பட்டுள்ளது. நோபல் பரிசு இவருக்குக் கிடைக்கவில்லை. இவரது குழுவின் மருந்துகள் வேறு பெயர்களோடு சேர்ந்தே பெரிதும் அறியப்படுகின்றன. கூட்டு முயற்சியின் பெருமையைத் தமக்கென உரிமை கொண்டாடாத இவரது இயல்பும் இதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. எனினும் ஆய்வுக்கூடங்களில் பாஸ்பேட் அளக்கும் முறையில் இவரது பெயர் இன்றும் நிலைத்துள்ளது. சென்னையில் முழுப் பட்டம் மறுக்கப்பட்ட இம்மாணவர் கண்டறிந்த ஏடிபியைப் பற்றிப் படிக்காமல் இன்று எந்த மருத்துவ மாணவரும் முதலாண்டைக் கடப்பதில்லை.